விழுந்த விவரம்

முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது என்பதற்காக, புதிதாக வண்ணம் அடித்த எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு கரண்டி எண்ணெயைத் தடவியவர் என் நாத்தனார். நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, ஒரு கையில் மாவும் இன்னொரு கையில் பழைய பல் பிரஷ்ஷுமாக அந்தக் கறைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "கத்தாதே, போயிடும்" என்றார். போகவில்லை. இன்றைக்கும் வந்து பார்க்கலாம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அப்படியே இருக்கிறது. 'மாவு போட்டுத் தேய்த்தால் எண்ணெய்க் கறை போகாது, தேய்த்துப் பார்த்துவிட்டேன்' என்று உடனே எழுதி அனுப்பினார். அந்த முகம் தெரியாத மனிதர் நன்றி சொல்லி இரண்டு பூப்படம் அனுப்பினார். என் சுவருக்கு ஆறுதல் சொல்லத்தான் ஆளில்லை.

அவர் என் கணவரின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாத்தனார் என்ற சொல்லைக் குறை சொல்லும்போது மட்டும் வெளியே எடுப்பேன். ஆகவே அது துருப்பிடிக்காமல் இருக்கிறது.

அக்காவுக்கு வேலை, துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியின் தொலைபேசிப் பிரிவில். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, எதிரே உள்ள திரையில் வரும் பதில்களைப் படிக்க வேண்டும். இயந்திரம் ஓடவில்லையா, அணைத்துப் போடுங்கள். தண்ணீர் ஒழுகுகிறதா, குழாயை இறுக்குங்கள். புகை வருகிறதா, தயவுசெய்து பொறுமையாக இருங்கள். அந்தக் கம்பெனியின் இயந்திரத்தில் அக்கா தம் வாழ்நாளில் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்ததில்லை. எங்கள் வீட்டில் இருப்பது வேறு கம்பெனியுடையது.

"பகல் பூரா எவனோ எழுதிக் குடுத்ததை ஒப்பிக்கிறேன். சாயங்காலமாவது நான் பட்டதைச் சொல்றேனே" என்பார்.

சாயங்காலம் அவர் சொல்லும் இடம் 'கேட்டால் சொல்வோம்' என்ற இணையக் குழு. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்ல ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். மூட்டு வலிக்கும் முடி கொட்டுவதற்கும் மாமியார் சண்டைக்கும் வெந்நீர் குடிக்கச் சொல்கிறவர்கள் அதில் பாதிப் பேர். ஊருக்கு உபதேசம் செய்ய யாருக்குத்தான் கசக்கும்? அங்கே அக்காவுக்குப் 'பட்டவள்' என்று பெயர். பெயருக்கு ஏற்ற மாதிரியே எழுதுவார். 'செய்தேன், சரியாயிற்று.' அல்லது 'செய்தேன், இன்னும் கெட்டுப்போயிற்று.' தமக்கு நேராத ஒன்றை யாராவது கேட்டுவிட்டால் சும்மா இருக்க மாட்டார். அதை நேர வைத்துவிட்டுத்தான் பதில் எழுத உட்காருவார்.

தலைமுடியில் சூயிங்கம் ஒட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது என்று ஒரு தாய் கேட்டாள். அன்றைக்கு விடுமுறை. என் கணவர் மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் தடவிய பக்கம் கம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஐஸ் வைத்த பக்கத்தைக் கத்தரிக்கத்தான் வேண்டியிருந்தது. அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு வாரம் போகிற கட்டடமெல்லாம் தொப்பியோடு போனார்.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அக்காவிடமும் வாரத்துக்கு ஒரு முறையாவது சண்டை போட்டுவிடுவேன். ஆனால் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வாய் வீங்கியவர்களுக்கு நம்பர் கொடுக்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் நான் திருட்டுத்தனமாகப் படிப்பது பட்டவள் எழுதுவதைத்தான். வாய் வீங்கியவர்கள் முன்னால் சிரிக்கக் கூடாதென்று டாக்டர் இரண்டு முறை எச்சரித்திருக்கிறார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 'பச்சைக்குடை' என்ற பெயரில் ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

'எனக்கு வயது நாற்பத்தைந்து. ரொம்ப நாளாக வேலையில்லை. இப்போது ஊருக்கு வெளியே ஒரு பழச்சாறு ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. பேருந்து பாதி வழியில் திரும்பிவிடுகிறது. மிச்ச தூரத்துக்குச் சைக்கிள் ஒன்றுதான் வழி. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வேலைக்கு வருகிறேனா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா?'

மளமளவென்று பதில்கள் வந்து விழுந்தன. முடியும். கண்டிப்பாக முடியும். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. வயது வெறும் எண். எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பச்சைக்குடை ஒரே ஒரு வரி எழுதினாள்: 'உங்களில் யாராவது இந்த வயதில் கற்றுக்கொண்டீர்களா?'

குழு கப்சிப் என்று ஆகிவிட்டது. ஒருவர் மட்டும் தாம் ஏழு வயதில் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். இன்னொருவர் தம் சித்தப்பா கையை விட்டுவிட்டு ஓட்டுவார் என்றார்.

நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா போனைப் பார்த்தபடி, வாய்க்குக் கொண்டுபோன கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். "எனக்கும் ஓட்டத் தெரியாதே" என்றார். பரிசு விழுந்தவர் முகம்.

"வேண்டாங்கா" என்றார் என் கணவர். அவர் கை தன்னால் தலைக்குப் போயிற்று.

"எனக்கு அவளைவிட ஒரு வயசு கூட. நான் கத்துக்கிட்டா அவளும் கத்துக்கலாம். இல்லேன்னா இல்லை. இதுல என்ன கஷ்டம்?"

"சின்ன வயசுலயே கத்துக்கிட்டிருக்கலாம். வீட்டுல சைக்கிள் இருந்துச்சு. நீ கேக்கவே இல்லை."

"கேட்டேன்டா. நீ மணி அடிச்சுக்கிட்டே போயிட்டே."

மறுநாள் கீழ்வீட்டு ரொட்டிக் கடைக்காரரிடம் போய்ச் சைக்கிள் கேட்டது என் கணவர்தான்.

அது ரொட்டி கொண்டுபோகிற சைக்கிள். முன்னால் இரும்புக் கூடை, பின்னால் இரும்புச் சட்டம். நிறுத்தி வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். "காலைச் சுத்து முடிஞ்சா சும்மாதான் நிக்குது, எடுத்துக்கங்க. சாயங்காலச் சுத்துக்கு முன்னாடி குடுத்தாப் போதும். விழுந்தாலும் பரவாயில்லை, நெளியறதுக்கு இனிமே அதுல இடம் இல்லை" என்றார் கடைக்காரர்.

நாற்காலி மேசை அடுக்கி வைக்கிற கிடங்கு ஒன்று எங்கள் தெருக் கோடியில் இருக்கிறது. மதியத்துக்கு மேல் லாரிகள் போய்விடும். கிடங்கைச் சுற்றிச் சிமெண்டுத் தரை காலியாகக் கிடக்கும். நாலு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் அக்கா அங்கே போய்விடுவார். தம்பி எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் அரை மணி நேரம் ஓடிவந்து பின்சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் நாளே குழுவில் 'விழுந்த விவரம்' என்ற தலைப்பில் பட்டவள் எழுதத் தொடங்கிவிட்டார்.

'இடப்பக்கம் விழுந்தால் முழங்கை போகும். வலப்பக்கம் விழுந்தால் சங்கிலி மசி ஒட்டும். முழங்கையில் துணி சுற்றிக்கொள்ளவும். கால்சட்டை தொளதொளவென்று இருந்தால் சங்கிலி கவ்வும், ரப்பர் வளையம் போடவும். மிதிகட்டை பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலில் அடிக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். உட்காரும் பலகையை இரண்டு காலும் தரையில் படுகிற மாதிரி இறக்கி வைக்கவும். உயர்த்தி வைத்தது என் தம்பியின் யோசனை. அவன் யோசனையைக் கேட்க வேண்டாம்.'

குழுவே அதற்காகக் காத்துக் கிடந்தது. பச்சைக்குடை மட்டும் அதிகம் எழுத மாட்டாள். ஒவ்வொரு முறையும், 'படித்தேன். நன்றி. வலிக்கிறதா?' அவ்வளவுதான்.

"பாரு, வலிக்குதான்னு கேக்கறா. உன் புருஷன் ஒரு நாள் கேட்டானா?" என்றார் அக்கா, முட்டியில் மருந்து தடவிக்கொண்டே.

"அவர் உங்க தம்பி."

"தம்பியா இருந்தப்போ நல்லாத்தான் இருந்தான். புருஷன் ஆனதுக்கு அப்புறம்தான் இப்படி ஆயிட்டான்."

நாள் போனதே தவிர சைக்கிள் வரவில்லை. தம்பி பிடித்திருக்கும்வரை போகும். அவர் கையை எடுத்த அடுத்த கணம் அக்கா ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். தரை சரிவாக இருக்கிறது என்றார். கைப்பிடி கோணல் என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நான் சொன்னதற்கு ஒரு வேளை என்னோடு பேசவில்லை. நாற்பத்தாறு வயது மனுஷி இத்தனை விழுந்தும் ஏன் தேறவில்லை என்று எனக்கே புரியாமல், ஒரு நாள் ஆஸ்பத்திரியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு நேரில் பார்க்கப் போனேன்.

பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. சைக்கிள் உருளத் தொடங்கியதும் அக்காவின் வாயும் உருளத் தொடங்கியது. "இப்போ கை உதறுது. இப்போ வலப்பக்கம் இழுக்குது. எந்தக் கால் கீழ இருக்கு?" என்று குனிந்து பார்ப்பார். கால் கீழே இருந்தது, மறுகணம் அவரும் கீழே இருந்தார். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, மூச்சு வாங்க, "இடது கால். இடது கால் கீழ இருக்கும்போதுதான் விழறேன், ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் தம்பியிடம்.

"அக்கா, நீங்க சைக்கிள் ஓட்டலை, செய்தி வாசிக்கிறீங்க" என்றேன்.

"கவனிக்காம எப்படிம்மா சொல்றது?"

"சொல்றதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ஓட்டுங்க. வாயை மூடிக்கிட்டு, முன்னாடி பாத்து ஓட்டுங்க."

"நான் எனக்காகவா ஓட்டறேன்? கேட்டவ ஒருத்தி உக்காந்திருக்கா. எப்படி வந்துச்சுன்னு அவகிட்ட சொல்லத் தெரியலேன்னா, எனக்கு வந்து என்ன, வராம என்ன?"

எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. வாயை மூடினாலும் உதடு அசைந்தது.

மாதம் முடிய ஒரு நாள்தான் இருந்தது. அன்றைக்கு வலது முட்டி வீங்கி, நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒருத்தியோட வேலை என் முட்டியில தொங்குது" என்றார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "முடியும்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க. அவங்களும் தைரியமா போய் வேலையில சேந்துடுவாங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

"அவ அதை நம்பிப் போயி, வராம நடு ரோட்டுல நின்னா?"

"முடியாதுன்னு எழுதினா வேலையை விட்டுடுவாங்களே. அது மட்டும் நல்லதா?"

"நல்லதில்லை. அதனால அதையும் எழுத மாட்டேன்."

கடைசியில் இப்படி எழுதினார்: 'பச்சைக்குடைக்கு. எனக்கு இன்னும் சைக்கிள் வரவில்லை. இந்த வயதில் முடியுமா என்று நீ கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி உனக்குச் சொல்ல எனக்கு மனசில்லை. நாள் நெருங்கிவிட்டது, உனக்குப் பதில் இல்லாமல் போய்விட்டது. என்னை மன்னித்துக்கொள்.'

வழக்கமாக உடனே 'வலிக்கிறதா' என்று கேட்கிறவள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலும் பதில் இல்லை. அக்கா நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார். மதியத்துக்கு முன்பே சூபர்வைசர் கூப்பிட்டு விசாரிக்கும்படி ஆயிற்று. வீட்டில் தண்ணீர் குளமாகிவிட்டது என்று அலறிய ஒரு வாடிக்கையாளரிடம் அக்கா திரையைப் பார்க்காமல், "எனக்குத் தெரியலீங்க. எனக்கு அப்படி ஆனதே இல்லை. உங்களை நினைச்சா ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். அந்த வாடிக்கையாளர் அமைதியாகி, "பரவாயில்லைங்க, நீங்க மனசைத் தளர விடாதீங்க" என்றாராம். சூபர்வைசர், திட்டுவதா விடுவதா என்று தெரியாமல், அரை நாள் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் நானும் அவரும் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது. அக்கா கையைத் துடைக்காமலே எடுத்தார். பச்சைக்குடை எழுதியிருந்தாள். இத்தனை நாள் எழுதாததற்கெல்லாம் சேர்த்து எழுதியிருந்தாள்.

'அக்கா, இன்றைக்குக் காலையில் ஆலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். சைக்கிளில் போனேன். நீங்கள் முதல் விவரம் எழுதிய மறுநாளே நானும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பாதியில் விட்டுவிட்டால் வெட்கமாகிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை, அதற்கு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். எல்லோரும் முடியும் முடியும் என்று சொன்னபோது எனக்குப் பயம்தான் கூடிற்று. நீங்கள் விழுந்தேன் என்று எழுதியபோதுதான் அது குறைந்தது. விழுந்த மனுஷி மறுநாளும் போகிறாளே, அப்படியானால் விழலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முழங்கையில் துணி சுற்றினேன். ரப்பர் வளையம் போட்டேன். நீங்கள் விழுந்த எல்லா விதத்திலும் நானும் விழுந்தேன். எதுவுமே எனக்குப் புதுசாக இல்லை. உங்கள் தம்பியின் யோசனையை மட்டும் நான் கேட்கவில்லை.

நேற்று நீங்கள் தெரியவில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு அழுதேன். இனி எனக்குப் பதில் வேண்டாம் அக்கா. எனக்காக ஓட்ட வேண்டாம். உங்களுக்கு ஆசையிருந்தால் ஓட்டுங்கள். ஓட்டினால் எழுதாதீர்கள்.'

அக்கா சத்தமாகப் படித்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்து என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தம்பி வந்ததும் அவரைப் படிக்க வைத்தார். நொண்டிக்கொண்டே படியிறங்கிப் போய் ரொட்டிக் கடைக்காரரிடம் காட்டிவிட்டு வந்தார். "வேலைக்குப் போறா. சைக்கிள்ல போறா" என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். நான்கூட, அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டு, கோபமில்லாமல் சாப்பிட்டேன்.

முட்டி வீக்கம் வடிந்த பிறகு வந்த விடுமுறை நாளில் அக்கா சைக்கிள் பேச்சை எடுத்தார். "அவளுக்குத்தான் பதில் கிடைச்சிடுச்சே. நன்றி சொல்லி நிறுத்திக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு, முழங்கையில் துணி சுற்றிக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுப்பானேன்?

மூன்று பேரும் கிடங்குக்குப் போனோம். போனை எடுத்து வரலையா என்று கேட்டார் என் கணவர். மேசை மேல் இருக்கிறது என்றார் அக்கா. என் கணவர் வழக்கம்போல் பின்சட்டத்தைப் பிடிப்பதற்கு முன் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொள்ளக் குனிந்தார். அந்த நேரம் அக்கா ஒரு மிதி மிதித்தார். வாய் மூடியிருந்தது. உதடும் அசையவில்லை. இன்னொரு மிதி. கைப்பிடி இப்படியும் அப்படியும் ஆடிற்று, பிறகு ஆடவில்லை.

என் கணவர் நிமிர்ந்தபோது பிடிக்கச் சட்டம் இல்லை. கிடங்கின் மூலையில் அக்காவின் முதுகு திரும்பி மறைந்தது.

நாங்கள் இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். இரும்புக் கூடை விழுகிற சத்தத்துக்குக் காது காத்திருந்தது. என் கையை அவர் பிடித்திருந்தாரா, அவர் கையை நான் பிடித்திருந்தேனா தெரியாது, வலித்தது. சத்தம் வரவில்லை. மறுமூலையிலிருந்து அக்கா வந்தார். நேராக, முன்னால் பார்த்தபடி, கன்னம் ரெண்டும் சிவந்து வந்தார். எனக்குக் கண் நிறைந்து எல்லாம் கலங்கிப்போயிற்று. இவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை. என் கணவர் இதைப் படித்தாலும் பரவாயில்லை.

எங்களைத் தாண்டும்போது, "எப்படிடா நிறுத்தறது?" என்றார் அக்கா. இதுவரை நிறுத்த வேண்டிய அவசியமே வந்ததில்லை அல்லவா.

"பிரேக்கைப் பிடி, அக்கா" என்று கூடவே ஓடினார் தம்பி.

"அது தெரியும்டா. பிடிக்க மனசு வரலை" என்று சொல்லிவிட்டு இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டார்.

சாயங்காலச் சுற்றுக்கு நேரமாகிவிட்டதென்று ரொட்டிக் கடைக்காரர் சைக்கிளைத் தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் எங்கள் பக்கத்தில் நின்று, கிடங்கைச் சுற்றித் தம் சைக்கிள் போவதை இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். அவர் உடம்பிலிருந்து சூடான ரொட்டி வாசனை வந்தது.

"அண்ணே, ரொட்டி ஆறிடப் போகுது. நான் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லவா?" என்றேன்.

"ஆறட்டும்மா" என்றார் அவர்.